ஷ்டைன்மாட்டின் இறங்காத கைகள்

ஒரு அகதியைக் கண்ணால் பார்க்காமல் இருப்பதற்கு ஷ்டைன்மாட் கிராமத்தில் ஆண்டுக்கு இருபத்தொன்பதாயிரம் ஃபிராங்க் விலை. மாகாண அரசு அந்த ஊருக்கு ஒதுக்கியது பத்துப் பேரை. வேண்டாம் என்றால் தலைக்கு இவ்வளவு என்று அபராதம். மொத்தமாக எடுத்தும் தள்ளுபடி கிடைக்கவில்லை. கட்டிவிடலாமா என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டபோது நூற்று எண்பத்து மூன்று பேர் வலக்கையைத் தூக்கினார்கள். தூக்கிய கை எதுவும் இறங்கவில்லை.

ரொட்டிக்கடை ரெகூலாதான் ஊரின் வாக்கு எண்ணுபவர். சீட்டும் பெட்டியும் அங்கே கிடையாது; மேலே நிற்கும் கையை எண்ணுவதுதான் சட்டம். தன் கையையும் சேர்த்தே எண்ணியிருந்தார். மறுநாள் மருத்துவர் எல்லோரையும் பார்த்து, எலும்பில் குறையில்லை என்று இடக்கையால் எழுதிக் கொடுத்தார். தையல்காரர் சட்டைகளின் தோளைப் பிரித்துப் பொத்தான் வைத்தார். சாலையோரம் கை தூக்கியபடி நடந்த ஒவ்வொருவருக்காகவும் பேருந்து நின்று நின்று போனதால் ஏழு நிமிடம் தாமதமானது. நாட்டின் செய்தித்தாள்களில் வந்தது அந்தத் தாமதம் ஒன்றுதான். ஊர்த்தலைவர் டமியான் மாட்டு ஏலத்தை வேடிக்கை பார்க்கப் போய்ப் பதினோரு பசுக்களை வாங்கிவிட்டார். கை மேலே இருந்தால் விலைக்குச் சம்மதம் என்றார் ஏலக்காரர். நியாயம்தானே என்று டமியானும் பணம் கட்டினார்.

ரெகூலாவால் ஒற்றைக் கையால் மாவு பிசைய முடியவில்லை. இரண்டு வாரத்தில் கடை பாதி நாள் மூடிக் கிடந்தது. கீழே பள்ளத்தாக்கு நகரத்தின் அகதி முகாமிலிருந்து, வேலை அனுமதி பெற்ற எரித்திரியப் பெண் அப்ரெஹெத் காலைப் பேருந்தில் வரத் தொடங்கினார். ஊருக்குள் வேலை செய்யலாம், தங்கக் கூடாது; அபராதம் கட்டியாகிவிட்டதே.

"முதலாளியம்மா, கூரையைத் தாங்கினது போதும், அடுப்பைக் கொஞ்சம் பாருங்க."

"உன் வாய்க்குத் தனிச் சம்பளம் கேப்பே போலிருக்கே."

"இதுவரைக்கும் இலவசமாத்தான் பேசுறேன்."

இரண்டு ஆண்டுகள் ரொட்டி நன்றாக உப்பியது. பிறகு முகாமை மூடப்போவதாகக் கடிதம் வந்தது. ஷ்டைன்மாட்டுக்கு என்று எழுதப்பட்ட பத்துப் பெயர்களில் ஒன்று அப்ரெஹெத்துடையது. ஊர் மறுபடியும் அபராதம் கட்டினால் அவர் கணவாய்க்கு அப்பால், ஐந்து மணி நேரத் தொலைவுக்குப் போக வேண்டும். கடை மூடப்படும் என்பது ரெகூலாவுக்குத் தெரியும். அன்று கை தூக்கியவர்களில் தானும் ஒருத்தி என்பது அப்ரெஹெத்துக்குத் தெரியும் என்பதும் தெரியும்.

கூட்டம் கூடியது. அந்த ஆண்டு கேள்வியை மாகாணமே அச்சிட்டு அனுப்பியிருந்தது. எதையும் முன்கூட்டிப் படிக்கும் வழக்கமில்லாத டமியான் அப்படியே உரக்க வாசித்தார்: "பத்துப் பேரையும் ஊருக்குள் ஏற்கச் சம்மதிப்பவர்கள் கையைத் தூக்கவும்."

வாசித்து முடித்த பிறகுதான் கூடத்தை நிமிர்ந்து பார்த்தார். ரெகூலா ஏற்கெனவே எண்ணத் தொடங்கியிருந்தார்.

"நிறுத்து ரெகூலா! இது ரெண்டு வருஷமா நிக்கிற கை. ஓட்டு இல்ல!"

"பதினோரு பசுவுக்கும் இதே கைதானே சம்மதம் சொல்லுச்சு? அன்னிக்கு வாயைத் திறக்காமப் பணம் கட்டினீங்களே."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"அப்போ எதிர்ப்புக்கு இடக்கையைத் தூக்குறோம்."

"ஆளுக்கு ஒரு கைதான். ரெண்டையும் தூக்கினா அதுக்குப் பேர் ஓட்டு இல்ல தலைவரே, சரணடையறது."

சட்டப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார் டமியான். அதிலும் அப்படித்தான் இருந்தது. முதல் கூட்டத்தில் அபராதத்தை எதிர்த்துக் கை தூக்காமல் இருந்த நாற்பத்தொரு பேர், கை சும்மா இருக்கிறதே என்று, தாங்களும் தூக்கினார்கள். ஒருமனதாக நிறைவேறியது.

பத்துப் பேரும் ஒரு வியாழக்கிழமை பேருந்தில் வந்து இறங்கினார்கள். முறைத்துப் பார்ப்பதற்கென்றே பாதி ஊர் நிறுத்தத்தில் நின்றது, வலக்கைகளை உயர்த்தியபடி. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பதிலுக்குக் கையசைத்தார்கள். வந்தவர்களின் கைகள் சிறிது நேரத்தில் தாமாகவே இறங்கின.

ஊர்க் குறிப்பேட்டில் அந்த ஆண்டுக்கு ரெகூலா இடக்கையால் கோணலாக எழுதியது இவ்வளவுதான்: வந்தவர்கள் பத்து. அன்றாட ரொட்டி, பன்னிரண்டு கூடுதல். மேலே நிற்கும் கைகள் நூற்று எண்பத்து மூன்று. இறங்கியவை, இன்னும் இல்லை.