ஆர்காடியின் நீள லென்ஸ்

என் வீட்டுக்காரன் ஆர்காடிக்குக் கூச்சம் அதிகம். டிராலிபஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் மணி கேட்கக்கூட அவனுக்கு வாய் வராது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவன் என்னை வைத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறான். அப்படிப்பட்டவன் நாற்பது வயதுக்கு மேல் ஒரு கேமரா வாங்கினான். ஊர் ஊராகப் போய் மனிதர்களின் முகங்களைப் படம் எடுக்கப் போகிறானாம்!

கேமராவோடு வந்த சின்ன லென்ஸில் அவன் எடுத்த முகங்கள் எல்லாம் எறும்பு மாதிரி வந்தன. கிட்டப் போகாமல் எடுத்தால் எறும்பாகத்தான் வரும். லென்ஸ்தான் சரியில்லை என்று குளிர்காலம் முழுக்கப் புலம்பிவிட்டு, தலைநகர் கிஷினாவில் ஒரு கேமராக் கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனான்.

"புதுசா ஆரம்பிக்கிறீங்க, பயணத்துக்குன்னு வேற சொல்றீங்க. இந்தக் குட்டி லென்ஸ் போதும், முப்பத்தஞ்சு எம்.எம். எடையே தெரியாது. ஆனா ஆளுங்க கிட்ட போய்ப் பேசி எடுக்கணும்" என்றார் கடைக்காரர். "இல்லேன்னா இது, பதினெட்டுலேர்ந்து இருநூறு. கிட்டயும் எடுக்கும், தூரமும் எடுக்கும். ரெண்டும் சுமாரா இருக்கும்."

"அது?" என்று ஆர்காடி மேல் தட்டைக் காட்டினான்.

"அது எழுபதுலேர்ந்து முந்நூறு. பறவை, பந்தாட்டம் எடுக்கறவங்களுக்கு. தெருவுக்கு அந்தப் பக்கம் நிக்கிறவரோட மூக்கு மச்சம் தெரியும். ஆனா ஒரு விருந்துல நாலு பேரை எடுக்கணும்னா நீங்க பக்கத்து வீட்டுக்குப் போகணும்."

"தெருவுக்கு அந்தப் பக்கம் நிக்கிறவருக்கு நாம எடுக்கிறது தெரியுமா?"

"தெரியாது."

அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "நடுவுல இருக்கறதை வாங்கு ஆர்காடி" என்றேன். "இவ்வளவு நீளத்தைத் தூக்கிக்கிட்டு ஊர்வலமா போகப்போற?" என்றும் கேட்டேன். காதில் வாங்கவில்லை. அந்த நீள லென்ஸ் கைக்கு வந்ததும் பழைய சின்ன லென்ஸ் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது.

பெரிய ஈஸ்டருக்கு அடுத்த வாரம் இறந்தவர்களின் ஈஸ்டர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கல்லறையில் என் அப்பா அம்மாவுக்குப் படைத்துவிட்டோம். நீஸ்த்ரு ஆற்றோரத்தில் ஓர் ஊரில் திங்கட்கிழமைதான் படைப்பார்கள் என்று தெரிந்து, புது லென்ஸோடு அங்கே கிளம்பினோம்.

கல்லறை நிறையக் கூட்டம். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறைக்குப் பக்கத்து மேசையில் சிவப்பு முட்டை, வளைய ரொட்டி, ஒயின் எல்லாம் பரப்பி உட்கார்ந்திருந்தது. ஆர்காடி வேலிக்கு வெளியே வால்நட் மரங்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அங்கிருந்து அவனுக்குக் கிடைத்தது ஒரு பெண். அறுபது வயது இருக்கும். தனியாக ஒரு கறுப்புக் கல்லுக்கு முன்னால் நின்று, தலைத்துணியின் நுனியை வாயில் கடித்துக்கொண்டு அழுதாள்.

"தமாரா, இங்க பாரு!" கேமராத் திரையை என்னிடம் காட்டினான். நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? அந்தப் பெண்ணின் இமையில் தொங்கிய நீர்கூடத் தெரிந்தது. எனக்கு அதைப் பார்க்கக் கூசியது.

"கேட்டியா அவங்கள?"

"அவங்களுக்குத் தெரியவே தெரியாது. அதான் இந்த லென்ஸோட அழகே."

நான் காரிலிருந்து தண்ணீர் எடுத்து வருவதற்குள் படத்தைக் கேமராவிலிருந்து போனுக்கு மாற்றி, வெளிநாட்டில் வேலை செய்யும் எங்கள் நாட்டு ஆட்கள் கூடுகிற இணையக் குழு ஒன்றில் போட்டுவிட்டான். இந்த நாளில் ஊருக்கு வர முடியாதவர்கள் எல்லாம் அதைப் பார்த்துத்தான் மனதைத் தேற்றிக்கொள்வார்கள். ஊர்ப் பெயரைப் போட்டு, 'யாருமில்லாத தாய்' என்று ஒரு தலைப்பும் வைத்திருந்தான். இதயக் குறிகள் வந்து குவிந்தன. ஆயுசில் முதல்முறையாக ஊர் மெச்சியது அவனை. திட்ட வாய் எடுத்த நான், அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தப் பெண் எங்களை நோக்கி வந்தாள். கையில் வளைய ரொட்டி, அதன்மேல் மெழுகுவத்தி, ஒரு புதுக் குவளை. மாட்டிக்கொண்டோம் என்று ஆர்காடி கேமராவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். முகத்தில் ஈயாடவில்லை.

"ரொம்ப நேரமா இங்கேயே நிக்கிறியே தம்பி" என்றாள். "உனக்குன்னு இங்க யாரும் இல்லையா? இந்தா, எங்க வீட்டுக்காரர் நிக்கித்தா பேரைச் சொல்லி வாங்கிக்க."

இறந்தவர் பெயரால் கொடுப்பதை மறுக்கக் கூடாது. மறுத்தால் செத்தவர் வாயில் போன சோற்றைத் தட்டிவிட்ட மாதிரி. "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று வழக்கப்படி சொல்லி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது எனக்கு.

அவள் பெயர் பரஸ்கோவியா. விடவில்லை, தன் மேசைக்கே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தாள்.

"ஒரே பொண்ணு, வெரோனிக்கா. வெளிநாட்டுல, போலோன்யாவுல ஒரு கிழவியைப் பாத்துக்கிறா. இந்த வருஷம் லீவு கிடைக்கல. நான் தைரியமா இருக்கேன், அழறதையே விட்டுட்டேன்னு சொல்லிவச்சிருக்கேன். இல்லேன்னா வேலையை உதறிட்டு பஸ் ஏறிடுவா. போன வருஷம் அப்படித்தான் ஒரு நல்ல வேலை போச்சு. இப்ப இருக்கிற இடத்தை விட்டா, மறுநாளே வேற ஒருத்தி வந்து உக்காந்துடுவா."

மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன். அதற்கு முன்பே அவன் போனை எடுத்து, படத்தை அழித்துக்கொண்டிருந்தான். அழித்துவிட்டான். ஆனால் அதற்குள் எத்தனையோ பேர் அதை எடுத்து வேறு எங்கெங்கோ போட்டிருந்தார்கள். தெருவில் கொட்டிய பாலை அள்ளவா முடியும்?

"கேமரா வச்சிருக்கியே தம்பி! கல்லோட சேர்த்து என்னை ஒண்ணு எடேன். சிரிச்ச மாதிரி. அவளுக்கு அனுப்பணும்."

ஆர்காடி எழுந்தான். பரஸ்கோவியா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, கல்லில் செதுக்கியிருந்த நிக்கித்தாவின் முகத்துக்குப் பக்கத்தில் நின்றாள். அந்த லென்ஸுக்குள் அவள் மூக்குதான் அடங்கியது. பின்னால் போனான். தாடை அடங்கியது. இன்னும் போனான். அந்தக் கல்லறையைச் சுற்றியிருந்த குட்டி வேலி முட்டியது.

"என்ன தம்பி, ஆத்துக்கே போயிடுவ போலிருக்கே!" என்று சிரித்தாள்.

வேலியைச் சுற்றி அடுத்த மேசைக்குப் போனான். வந்தவனை வெறுங்கையோடு விடுவார்களா? அங்கே ஒரு ரொட்டி, அதற்கும் பின்னால் இன்னொரு மேசையில் ஒரு கோப்பை ஒயின். ஒவ்வொன்றுக்கும், "கடவுள் மன்னிக்கட்டும், கடவுள் மன்னிக்கட்டும்." கடைசியில் நான்கு வரிசை தள்ளி, யாரோ ஒருவரின் பெஞ்சுமேல் ஏறி நின்று கேமராவைக் கண்ணில் வைத்தான். பரஸ்கோவியா சிரித்தாள். போனில் எடுத்துத் தொலைத்திருக்கலாம். அவனுக்குத் தோன்றவில்லை. பதற்றத்தில் எனக்கும்தான்.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது.

"வெரோனிக்கா! இப்பத்தான்டி உன்னைப் பத்திப் பேசிட்டிருந்தேன்… யாரு அழுதா? நான் இங்க சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன்… எந்தப் படம்? … நீ அழாத. முதல்ல நீ அழாத. யாருமில்லாதவளா? யாருடி அப்படிச் சொன்னது? … வேண்டாம். பஸ்ஸுக்கெல்லாம் சொல்லாத. நான் சொல்றதைக் கேளு, வெரோனிக்கா…"

அவ்வளவு தூரத்தில் ஆர்காடிக்கு ஒரு சொல்லும் கேட்டிருக்காது. ஆனால் அந்த லென்ஸுக்குள் அவள் முகம் மாறியது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைவிட அவனுக்குத்தான் கிட்டத்தில் தெரிந்திருக்கும். கேமராவைக் கீழே இறக்கினான்.

"வச்சுட்டா" என்றாள் பரஸ்கோவியா. "புதன்கிழமை பஸ்ல வராளாம்."

அவன் நேரே காருக்கு ஓடிவிடுவான் என்றுதான் நினைத்தேன். ஓடவில்லை. வேலிகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு, மேசைக்கு மேசை வழி கேட்டுக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றான்.

"அக்கா, அந்தப் படத்தை நான்தான் எடுத்தேன். உங்களைக் கேக்கல. அதுல எழுதினதும் நான்தான்."

பரஸ்கோவியா அவனைப் பார்த்தாள். மார்பில் தொங்கிய அந்த நீளக் குழாயைப் பார்த்தாள். பிறகு திரும்பி, வேலிக்கு வெளியே வால்நட் மரங்களைப் பார்த்தாள்.

"அங்கேருந்தா எடுத்த?"

"ஆமாக்கா."

"அங்கேருந்து பாத்தவனுக்கு, எனக்கு யாருமில்லைன்னு எப்படிப்பா தெரிஞ்சது?"

நான் எழுந்து போய் ஆர்காடி பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.