இடப்பக்கம் போன வளைகோடு

விடைத்தாள் திருத்தும் முகாமின் ஒன்பதாம் நாள் அது. கடைசி நாளும் அதுவே. கணக்கு டீச்சருக்குச் சிவப்புப் பேனா பிடித்த விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஐந்து மணி வண்டியில் ஊருக்குப் போக வேண்டும். மகள் காலையிலிருந்து மூன்று முறை போனில் அழுதுவிட்டாள்.

ஒரே வளைகோட்டை நூற்றுக்கணக்கான தாள்களில் கட்டம் எண்ணிப் பார்த்து மாளாது. ஆகவே y = (x − 3)² என்பதன் வரைபடத்தை அவளே ஒரு கண்ணாடித்தாளில் வரைந்து வைத்திருந்தாள்: இரண்டு அச்சுகள், மூன்று கட்டம் வலப்பக்கம் தள்ளி நிற்கும் ஒரு கிண்ணம். மாணவரின் கோட்டை மறைக்கும் என்பதால் எண்கள் எழுதவில்லை. விடையின்மேல் வைப்பாள், பொருந்தினால் ஐந்து, இல்லையென்றால் பூஜ்யம்.

"இன்னிக்குப் பசங்க பின்னுறாங்கக்கா. முக்கால்வாசிப் பேருக்கு அஞ்சுக்கு அஞ்சு," என்றாள் பக்கத்து மேசை ஆசிரியையிடம்.

"உன் கட்டுல மட்டும் மேதைங்களா வந்து விழுதா? எனக்கு வந்ததெல்லாம் மைனஸைப் பார்த்ததும் இடது பக்கம் ஓடுதுங்க."

நான்கு மணிக்கு ஒரு தாளில் கோடு பொருந்தவில்லை. பூஜ்யம் போடப் பேனா இறங்கியபோது ஓரத்துப் பென்சில் எழுத்து கண்ணில் பட்டது: 'x = 3 என்றால் y = 0. ஆகவே வலப்பக்கம்.'

அவள் கண்ணாடித்தாளைப் பார்த்தாள். காலையில் மின்விசிறிக் காற்றில் பறந்ததை எடுத்து வைத்தபோது, பக்கம் புரட்டியதுபோல் அது மறுபுறம் திரும்பியிருந்தது. x இருந்த இடத்தில் −x. வலப்பக்கக் கிண்ணம் இடப்பக்கம். பதினோரு வருடமாக வகுப்பில் அவளே நடத்தும் பாடம். தவறாக வரைந்தவர்களுக்கெல்லாம் ஐந்து. சரியாக வரைந்தவர்களுக்குப் பூஜ்யம். காலையிலிருந்து திருத்திய மூன்று கட்டுகளிலும் இப்படித்தான்.

விஷயத்தைக் கேட்ட அக்கா தலையில் கைவைத்தாள். "அடிப்பாவி! சரி, விடு. யாருக்குத் தெரியப்போகுது? சொன்னா மெமோதான் வரும். பேசாம வண்டியைப் பிடி."

"முப்பது மார்க்குல நிக்கிற புள்ளைக்கு இந்த அஞ்சுதானேக்கா பாஸ்?"

டீச்சர் வீட்டுக்குப் போன் செய்தாள்.

"நாளைக்கு வர்றேன்டா கண்ணு."

"நீ வரவே வேணாம், போ!" இணைப்பு அறுந்தது.

நடந்ததை ஒரு தாளில் எழுதி மேற்பார்வையாளரிடம் நீட்டிவிட்டு வந்து, முதல் கட்டைப் பிரித்தாள். முதல் தாளில் ஐந்தை அடித்துப் பூஜ்யம் போட நேர்ந்தது. இரண்டாவதிலும் அதுவே. பூஜ்யத்தை அடித்து ஐந்து போடும் வாய்ப்பு ஏழாவது தாளில்தான் வந்தது.