வளையம் கழற்றிய பூங்கா

சனிக்கிழமை காலையில் வெர்னெட்டா நடைபாதையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கூட்டினாள் என்று சொல்வது மரியாதைக்கு. துடைப்பத்தை வைத்துக்கொண்டு தெருவோடு சண்டை போட்டாள் என்பதே சரி. ஒரு சிகரெட் துண்டு கண்ணில் பட்டால் போதும், யார் போட்டது என்று நாலு வீட்டுக் கதவையும் முறைப்பாள். பிலடெல்பியாவில் தெருவுக்கு ஒரு கேப்டன் உண்டு. எங்கள் ஹார்லன் தெருவுக்குப் பல வருடமாக அவள்தான். தெருவைச் சுத்தமாக வைப்பது, பூத்தொட்டி வாங்குவது, நகராட்சிக்குப் போன் போட்டுச் சத்தம் போடுவது எல்லாம் அவள் பொறுப்பு. காலில் சக்கரம் கட்டிய பிறவி. அவள் உட்கார்ந்து காபி குடித்ததை நான் பார்த்ததே இல்லை.

எதிரே முடிதிருத்தும் கடை லூதர் கதவைத் திறந்துகொண்டே வம்புக்கு இழுத்தார்.

"என்ன கேப்டன், சுத்தமான தெருவுக்கான பரிசு இந்த வருஷமும் நமக்குத்தானா?"

"பின்னே? பார்க்கைப் பார்த்தியா லூதர்? எப்படி ஜம்முனு இருக்கு!"

"இருக்கு, இருக்கு. ஜம்முனு, ஜனமே இல்லாம இருக்கு."

"காலங்காத்தால என் வாயைக் கிளறாத. போய் யாருக்காவது மொட்டை அடி."

தெருமுனையில் இருக்கும் பூங்கா அப்படியொன்றும் பெரிதல்ல. நாலு மரம், சில பெஞ்சுகள், நடுவில் ஒரு கூடைப்பந்துத் தளம். மூன்று வாரத்துக்கு முன்புவரை அந்தத் தளத்தில் இரண்டு வளையங்கள் இருந்தன. சாயங்காலம் ஆனால் போதும், பந்துச் சத்தம், கூச்சல், பாட்டு, நடுநடுவே காது கூசும் கெட்ட வார்த்தை. போன வருடம் குடிவந்த கேட்லின் கைக்குழந்தைக்காரி. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேப்டனிடம் அழாத குறையாக வந்து நின்றாள்.

"மிஸ் வெர்னெட்டா, பாப்பா தூங்கவே மாட்டேங்குது. உங்களால ஏதாவது செய்ய முடியுமா?"

செய்ய முடியுமா என்று வெர்னெட்டாவைப் பார்த்துக் கேட்கலாமா? அப்புறம் அவளைப் பிடிக்க யாரால் ஆகும்! வளையங்களைக் கழற்றச் சொல்லி வீடு வீடாகப் படியேறிக் கையெழுத்து வாங்கினாள். வேறு தெருப் பையன்கள் வந்து இடத்தைக் கெடுக்கிறார்கள் என்றாள். என்றைக்காவது கார்க் கண்ணாடி உடையப் போகிறது என்றாள். பாதிப் பேர் விஷயம் பிடித்துப் போட்டார்கள். மீதிப் பேர், போடாவிட்டால் இவள் வாசலை விட்டு நகரமாட்டாள் என்று போட்டார்கள். நகராட்சி ஆட்கள் வந்து வளையங்களைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தளத்தின் மேல் பெரிய பெரிய தொட்டிகள் வந்து உட்கார்ந்தன. லாவெண்டர் பூத்தது. காபிக் கோப்பையும் கையுமாக வந்தவர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

வெர்னெட்டாவின் பதினான்கு வயது மகள் நைலாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. நெட்டைக் கொக்கு மாதிரி வளர்ந்த பெண். பந்து கையில் இல்லாவிட்டால் கையை எங்கே வைப்பதென்றே அவளுக்குத் தெரியாது.

"மா, இனிமே நான் எங்க விளையாடுறது?"

"ஸ்கூல்ல விளையாடு."

"லீவுல ஸ்கூல் பூட்டியிருக்கும்மா."

"அப்ப சும்மா இரு. ஒரு கோடைக்கு விளையாடலைன்னா உயிரா போயிடும்?"

நைலா பந்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். பெண் சமாதானம் ஆகிவிட்டாள் என்று தாய் நினைத்துக்கொண்டாள். அதன்பிறகு நைலா தினமும் தோழி டானிஷா வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பினாள். தெருவிளக்கு எரிவதற்குள் திரும்பிவிட்டாள். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்கு அந்த விளக்குதான் கடிகாரம். அது எரிந்தால் வீட்டுக்குள் இருக்க வேண்டும், பேச்சே கிடையாது.

அந்தச் சனிக்கிழமை விளக்கு எரிந்தது. நைலா வரவில்லை.

மீன் பொரித்துக்கொண்டிருந்த வெர்னெட்டா ஜன்னலைத் திறந்து, "நைலா!" என்று கத்தினாள். முன்பெல்லாம் இப்படி ஒரு குரல் கொடுத்தால், "வரேம்மா, கடைசி பாயிண்ட்!" என்று பூங்காவிலிருந்து பதில் வரும். பழக்கதோஷம், கத்திவிட்டாள். ஒரு நாய்தான் குரைத்தது. போன் போட்டாள். மணி மாடியில், மகளின் கட்டில்மேல் அடித்தது. டானிஷாவின் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"நைலாவா? அவ இந்தப் பக்கம் தலை காட்டியே மூணு வாரம் ஆச்சே!"

வெர்னெட்டா அடுப்பை அணைத்தாள், ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் தெருவில் இறங்கி ஓடினாள்.

பூங்காவில் ஒரு இளம் தம்பதி நாய்க்குட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். "உயரமா, தலை பின்னின பொண்ணு ஒருத்தியைப் பார்த்தீங்களா?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள்.

"இங்க பசங்களே வர்றதில்லையேங்க. அதனாலதான் நாங்க வர்றோம், அமைதியா இருக்கு" என்றான் அந்த வாலிபன், நல்ல செய்தி சொல்வதுபோல.

அடுத்த தெரு விளையாட்டுக் கூடத்துக்கு ஓடினாள். பழுது வேலை என்று பலகை தொங்கியது. கோழிக்கடை, துணி துவைக்கும் கடை, பஸ் நிறுத்தம், எங்கும் இல்லை. நின்றால் பயம் வந்து அமுக்கியது. ஓடினால் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியவில்லை. கண்ணுக்கு எதிரே நாளெல்லாம் குதித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இந்த மூன்று வாரமாக எங்கே போனார்கள் என்று ஊருக்கே கேப்டனான அவள் ஒருமுறைகூட யோசிக்கவில்லையே, கடவுளே!

கடையைப் பூட்டிக்கொண்டிருந்த லூதர் அவள் முகத்தைப் பார்த்ததும் சாவியை அப்படியே விட்டார்.

"லூதர், என் பொண்ணைக் காணோம்."

இந்தத் தடவை அவர் கிண்டல் பண்ணவில்லை. "ரயில் பாலத்துக்குக் கீழ, பெரிய ரோட்டோரம் பசங்க வளையத்துக்குப் பதிலா கம்பத்துல பால் கூடையை அடிச்சு வச்சிருக்காங்கன்னு முடி வெட்ட வந்தவன் ஒருத்தன் சொன்னான். வா, போய்ப் பார்ப்போம்."

"பெரிய ரோட்லயா? அங்க வண்டி பறக்குமே!"

பாலத்தை நெருங்கும்போதே பந்துச் சத்தம் கேட்டது. விளக்குக் கம்பத்தில் அடிப்பகுதி அறுத்த பிளாஸ்டிக் பால் கூடை ஆணியடித்துத் தொங்கியது. அதன் கீழே பழைய பூங்காக் கூட்டம் அத்தனையும் இருந்தது. தளம் என்று ஏது? பாதி நடைபாதை, பாதி சாலை. ஒருவன் ஓரத்தில் நின்று "வண்டி!" என்று கத்துவான், எல்லோரும் துள்ளி நடைபாதைக்கு ஏறுவார்கள், வண்டி போனதும் மறுபடி இறங்குவார்கள். நைலா நடுவில் நின்றாள். அவளைப் பார்த்ததும் வெர்னெட்டாவுக்கு உயிர் வந்தது. "நைலா!" என்று வாய் திறப்பதற்குள் பந்து கூடையின் விளிம்பில் பட்டுத் தெறித்தது. அண்ணாந்தபடியே பின்னால் எட்டு வைத்துச் சாலைக்குள் போனாள் மகள்.

"வண்டி!"

டயர் அலறியது. ஒரு வெள்ளை வேன் நைலாவின் இடுப்பை உரசாத குறையாக நின்றது. பந்து சக்கரத்தில் மாட்டி வெடித்தது. வெர்னெட்டா அங்கேயே, அழுக்குத் தரையில், முதல்முறையாக உட்கார்ந்துவிட்டாள்.

வேன்காரன் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். "அறிவிருக்கா உங்களுக்கு? ரோட்டுல வந்து சாகணுமா? உங்க ஏரியாவுல ஒரு பார்க் கிடையாதா?"

நைலா தாயைப் பார்த்தாள். "இருந்துச்சுங்க. எங்களால சத்தம்னு எங்கம்மாதான் கையெழுத்து வாங்கி வளையத்தை எடுத்துட்டாங்க."

வெர்னெட்டாவை ஓங்கி அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. எழுந்து போய் மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். வேன்காரன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

திங்கட்கிழமை காலையிலேயே நகராட்சிக்குப் போன் போட்டாள். வளையத்தைத் திரும்ப மாட்ட வேண்டுமென்றால் அடுத்த வருடம்தான் பார்க்க முடியும் என்றார்கள். கழற்றச் சொன்னபோது ஓடி வந்தவர்கள்! ஆனால் வெர்னெட்டா சும்மா இருக்கிற ஆளா? கோடையில் பிள்ளைகள் விளையாடுவதற்காகத் தெருவை வண்டி வராமல் அடைத்துக்கொள்ள ஒரு கேப்டன் அனுமதி வாங்கலாம். இத்தனை வருடத்தில் குப்பை சேரும் என்று அவள் வாங்கியதே இல்லை. இப்போது நடையாய் நடந்து வாங்கினாள். லூதர் எங்கிருந்தோ சக்கரம் வைத்த கம்பத்தில் மாட்டிய வளையம் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். அதைத் தன் வீட்டு வாசலுக்கு நேரே நிறுத்தச் சொன்னாள்.

முதல் நாள் பந்து தரையில் விழுந்ததுமே கேட்லின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

"என்ன மிஸ் வெர்னெட்டா இது? நீங்கதானே சத்தம் கூடாதுன்னு எல்லாரையும் கூட்டினீங்க?"

"ஆமா, நான்தான். பாப்பா தூங்கலைன்னா என்கிட்ட கொண்டா, தோள்ல போட்டுத் தட்டித் தூங்க வைக்கிறேன்." குழந்தைக்காகக் கையை நீட்டினாள் வெர்னெட்டா. "நான் சத்தத்தை விரட்டல கேட்லின், பிள்ளைங்களை விரட்டினேன். அதுங்க போய் வண்டிக்கு நடுவுல நின்னுச்சுங்க. பார்க்குங்கிறது நம்ம தெருவுக்கு மாட்டி வச்ச படம் இல்ல. நமக்குப் பிடிச்சவங்க, பிடிக்காதவங்க எல்லாரும் வந்து புழங்கத்தான் அது. அவங்களுக்கு இங்க இடம் இல்லைன்னு சொன்னா, அந்த 'அவங்க' கூட்டத்துல நம்ம புள்ளையும் இருக்கும். எனக்கு அது புரிய ஒரு வேன் வந்து நிக்க வேண்டியிருந்துச்சு. நல்லவேளை, நின்னுச்சு."