ஷாமினிக்கு மட்டும் பேப்பர் கப்

மைலோ பானம் வந்த தட்டைப் பார்த்ததும் தினேஸ்வரிக்கு முகம் இறுகிவிட்டது. வீட்டுக்கார அம்மாள் சாரதாதேவிக்கும் அவர் மகன் ஹரிஷாந்துக்கும் பூப்போட்ட பீங்கான் கோப்பை. விருந்தாளிகளான தினேஸ்வரிக்கும் அவள் மகள் ஷாமினிக்கும் பேப்பர் கப்.

"இதுதான் சுத்தம். கழுவுற கரைச்சலும் இல்லையெல்லோ," என்றார் சாரதாதேவி, தன் பீங்கான் கோப்பையை உதட்டில் வைத்தபடி. சுத்தத்தை விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டு அழுக்கைத் தான் ஏற்றுக்கொண்ட தியாகம் அவர் முகத்தில் தெரிந்தது.

இரண்டு பிள்ளைகளும் ஈப்போ நகரில் ஒரே பாலர் பள்ளி, ஒரே வகுப்பு. வகுப்பில் செய்வதை வீட்டிலும் விளையாட விடுங்கள், கூடப் படிக்கும் பிள்ளையையும் அழையுங்கள் என்று புனிதா டீச்சர் பெற்றோரிடம் சொல்லியிருந்தார். பிள்ளை வளர்ப்பில் சாரதாதேவிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்ண மாவு, மரக்கட்டை, மணல் தொட்டி என்று ஓர் அறையே மகனுக்காக ஒதுக்கியிருந்தார். மகனோ ஷாமினிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். அழைத்துவிட்டார்.

வந்த தினேஸ்வரியிடம் சாதி என்னவென்று அவர் கேட்கவில்லை. படித்தவர் அல்லவா? பீடோர் ஊர்ப் பக்கம் எந்த ரப்பர்த் தோட்டம், எந்த லயத்து வீடு, எந்தக் கோயில் திருவிழா என்று அன்பாக விசாரித்தார். பதில் கிடைத்ததும் சமையலறைக்குப் போய் பேப்பர் கப்பைத் தேடி எடுத்தார்.

"அம்மா, ஷாமினிக்கு ஏன் பூக் கோப்பை இல்ல?" என்றான் ஹரிஷாந்.

"அவைக்கு இதுதான் பழக்கம், ராசா."

தினேஸ்வரி எழுந்து போயிருக்கலாம். மகள் மணல் தொட்டிக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். தினேஸ்வரி மைலோவை ஒரே மடக்கில் விழுங்கி வைத்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவன் மகேந்திரன் சிரித்தான். "விடுலா. மைலோ இனிச்சுச்சா இல்லையா?"

"இனிச்சுச்சு. அதான் கோவமா வருது."

அடுத்த வாரம் பாலர் பள்ளியில் பெற்றோர் வந்து பார்க்கும் நாள். வகுப்பு மூலையில் ஒரு தேநீர்க் கடை. ஹரிஷாந் முதலாளி. காலிக் கெண்டியிலிருந்து காற்றை ஊற்றிப் பிள்ளைகளுக்கு பிளாஸ்டிக் கோப்பைகளை நீட்டினான். ஷாமினியின் முறை வந்தது. ஒரு ரோஸ் கோப்பையை எடுத்தான்.

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எனக்கு இது வேணா. எனக்குப் பேப்பர்தான் பழக்கம்."

ஹரிஷாந் யோசிக்கவில்லை. வரையும் தாளில் ஒன்றை உருவிச் சுருட்டி, அதில் ஊற்றிக் கொடுத்தான். அவளும் குடித்தாள்.

"பாத்தீங்களா, சொந்தமா கப் செஞ்சிட்டான்! என்ன ஒரு கற்பனை!" என்று புனிதா டீச்சர் கைதட்டினார். பெற்றோரும் தட்டினார்கள். சாரதாதேவியும் இரண்டு தட்டு தட்டினார். மூன்றாவதுக்குக் கை எழவில்லை.

ஊரார் சொல்வதைத் தாங்கலாம். மகளே அதைச் சொல்வதை எப்படித் தாங்குவது? தினேஸ்வரி நேரே போய், முழங்கால் தாடையில் இடிக்கும் அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தம்பி, கடைய கொஞ்சம் எனக்குக் குடு. நான் தேத்தண்ணி கலக்குறேன்."

ஹரிஷாந் மகிழ்ச்சியோடு கெண்டியைக் கொடுத்தான். முதலாளி வேலை அவனுக்கு அலுத்திருந்தது.

அவள் ரோஸ் கோப்பையில் ஊற்றி மகளிடம் நீட்டினாள். "பேப்பர் நனஞ்சிரும்டா. இதுல குடி."

ஷாமினி தயங்கினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் வாங்கி, உறிஞ்சும் சத்தத்தோடு குடித்தாள். தினேஸ்வரி அதே கோப்பையில் மறுபடி ஊற்றினாள். ஹரிஷாந் குடித்தான். புனிதா டீச்சர் குடித்து, "சீனி கூடிருச்சு லா," என்று சிரித்தார். பெற்றோர் ஒவ்வொருவராகக் குனிந்து குடித்தார்கள்.

கடைசியில் சாரதாதேவி.

"இந்தாங்கக்கா."

கோப்பைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாரதாதேவி கையை நீட்டினார். நீட்டிய கை சேலைத் தலைப்பைச் சரிசெய்யப் போய்விட்டது.

"எனக்கு வேண்டாம், தினேஸ்வரி. நான் வீட்டில குடிச்சிட்டுத்தான் வந்தனான்."

சிரிப்பு நின்றுவிட்டது. கைதட்டியவர்களுக்கு இப்போது கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

தினேஸ்வரி அந்தக் கோப்பையை அவர் முன்னால் குட்டி மேசையில் வைத்தாள்.

"பரவால்லக்கா. இது ஆறாது. எப்ப மனசு வருதோ, அப்ப குடிங்க."