சத்தம் நின்றால் எழுப்பவும்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. 2005ஆம் வருஷம் சித்திரையில், பசுவந்தனைக்குத் தெற்கே ஒரு கரிசல் காட்டில், டார்ச் வெளிச்சத்தில், 'அன்புள்ள பூங்கொடிக்கு' என்று ஓர் இன்லண்ட் கடிதமாகப் பிறந்து நாலாவது வரியில் நின்றுபோனது. வெளியூர் போனால் மனைவிக்கு ஒரு கடிதம் போடுவது என் வழக்கம். பல தடவை கடிதத்துக்கு முன்னால் நானே வீடு போய்ச் சேர்ந்திருக்கிறேன். இருந்தாலும் போடுவேன். கல்யாணமான நாளிலிருந்து நம்பர் போட்டு எழுதுகிறேன். நின்றுபோனது 214. அது மட்டும் தபால் பெட்டியில் விழவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் கடிதத்துக்கு ஐந்து உறுப்பு என்பார். இடமும் நாளும், விளி, செய்தி, முடிப்பு, கையொப்பம். ஒன்று குறைந்தால் ஒரு மார்க் போய்விடும். 214இல் முதல் இரண்டும் இருக்கின்றன. மூன்றாவது பாதி இருக்கிறது.

2

கதையாக எழுத உட்கார்ந்ததும் ஒரு சிக்கல். 'நான்' என்று எழுதினால், நான் பிழைத்துக்கொண்டேன் என்பது உங்களுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். செத்தவன் கதை எழுத மாட்டான். அப்புறம் உங்களுக்கு என்ன பயம் இருக்கும்? பயம் இல்லாவிட்டால் அந்த ராத்திரியை நான் சொல்லவே இல்லை என்று ஆகிவிடும்.

(மேலே ஏற்கெனவே 'நான்' என்று உளறிவிட்டேன். அடிக்கலாம். அடிக்கவில்லை, இருக்கட்டும்.)

ஆகவே இனிமேல் 'அவன்'. பெயர் சங்கரபாண்டி. வயது ஐம்பத்தொன்று. சென்னையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கிளார்க். பிறந்தது இங்கே, ஆடு மேய்க்கிற குடும்பத்தில்.

தொடக்கம் ஒன்று: கரிசல் காட்டு இரவு என்பது வானத்தைக் குப்புறக் கவிழ்த்த — [வேண்டாம். பயந்தவன் வானத்தைப் பார்க்க மாட்டான்.]

தொடக்கம் இரண்டு: சங்கரபாண்டிக்கு ஐம்பத்தொரு வயது. அவன் அய்யாவும் ஐம்பத்தொரு வயதில்தான் — [இப்போது இல்லை. அதற்கு நான் இன்னும் தயாராகவில்லை.]

தொடக்கம் மூன்று: சங்கரபாண்டி மிஷினை எடுத்து வரவில்லை.

இது இருக்கட்டும்.

3

சங்கரபாண்டி மிஷினை எடுத்து வரவில்லை.

மிஷின் என்றால் தூக்குவாளி அளவுக்கு ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் மூக்கை மூடுகிற மாஸ்க். கரண்டில் ஓடும். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடாமல் விடிய விடியக் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். முந்தின வருஷம் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் அவனைப் படுக்கவைத்து, உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் பார்த்துவிட்டு, மணிக்கு நாற்பத்திரண்டு தடவை மூச்சு நிற்கிறது என்றார்கள்.

"நின்னா திரும்ப வந்துருமில்ல சார்?" என்று பூங்கொடி கேட்டாள்.

"வரும்மா. இதுவரைக்கும் வந்திருக்குல்ல" என்றார் டாக்டர், ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே.

அந்த 'இதுவரைக்கும்' அன்றிலிருந்து சங்கரபாண்டியோடு படுத்து எழுந்தது.

பிறகு ஏன் எடுத்து வரவில்லை? ஒரே ஒரு கையெழுத்துதான் வேலை. அய்யா பேரில் கிடந்த புஞ்சையை அக்கா இசக்கியம்மாள் பேருக்கு மாற்றிக்கொடுக்க வேண்டும். ராத்திரி வண்டி ஏறி, காலையில் கோவில்பட்டியில் இறங்கி, கையெழுத்துப் போட்டுவிட்டு அன்று ராத்திரி வண்டிக்கே திரும்பிவிடலாம். ரெண்டு ராத்திரியும் வண்டியில் உட்கார்ந்தே விழித்திருந்துவிடுவான். பயணப் பட்டியலில் பதினோராவதாக 'மிஷின்' என்று எழுதி, பக்கத்தில் 'தேவையில்லை' என்றும் எழுதினான்.

பதிவு பண்ணுகிற அதிகாரி வீட்டில் ஒரு சாவு. நாளன்னைக்கு வாருங்கள் என்றார்கள்.

சொன்னபடி வண்டியில் கண் மூடாமல் வந்தவன், பூங்கொடிக்குப் போன் பேச எஸ்டிடி பூத்துக்குள் நின்றபோதே தூக்கத்தில் கண்ணாடியில் தலை இடித்துக்கொண்டான்.

"இன்னைக்கே திரும்பிருங்க."

"வண்டியில அசந்துட்டேன்னா? எனக்குப் பக்கத்துல யாரு இருக்கா?"

பூங்கொடி ஒவ்வொன்றாகச் சொன்னாள். "மல்லாக்கப் படுக்காதீங்க. செவுத்துல சாஞ்சு ஒக்காந்துக்கிடுங்க. முழிச்சிருக்கிற ஆளு யாரையாவது பக்கத்துல வச்சுக்கிடுங்க."

4

[அக்காவை எப்படி எழுதுவது என்று மூன்று நாள் யோசித்தேன். அன்பானவள் என்று எழுதினால் அவள் செய்தது ஒட்டவில்லை. விவரமில்லாதவள் என்று எழுதினால் அது பொய். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.]

அக்காவிடம் அவன் எல்லாவற்றையும் சொன்னான். தூங்கும்போது மூச்சு நிற்கும், நின்றால் எழுப்ப வேண்டும் என்றான்.

"எழுப்புதேன். இங்கனயேதான இருக்கப் போறேன். நீ பயப்படாம கண்ண மூடு தம்பி" என்றாள்.

மத்தியானம் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுக் கொடுத்தாள். பக்கத்தில் அவளும் பக்கத்து வீட்டுப் பெத்தம்மாளும் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த கால் மணி நேரத்தில் நடந்ததை, பிறகு பெத்தம்மாள்தான் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

"ஏட்டி, உந்தம்பி மூக்குக்குள்ள டிராக்டரு ஓடுது."

"பட்டணத்துல டிராக்டரு ஏது. அது லாரி."

"எதுவோ, ரெண்டு குறுக்கம் நிலத்த உழுதுட்டான்."

குறட்டை நின்றது.

"வண்டி நின்னுட்டு" என்றாள் பெத்தம்மாள்.

"பேசாத ஏட்டி. இப்பந்தான் பிள்ள அசந்து தூங்குதான்."

சொல்லிவிட்டு, ஈ மொய்க்கிறதே என்று எழுந்து வந்து, தன் பழஞ்சேலையை நாலாக மடித்து அவன் முகத்தை மூடினாள்.

அந்தச் சேலைக்கு அடியில் சங்கரபாண்டிக்கு

அவன் வாயைத் திறந்தான். உள்ளே வந்தது

[இந்த இரண்டு வரியையும் என்னால் முடிக்க முடியவில்லை. இப்படியே கிடக்கட்டும்.]

கட்டிலிலிருந்து அவன் கீழே விழுந்த சத்தத்தில் பசை கிண்ணி கவிழ்ந்தது. மூச்சு வந்து, பேச்சு வர நேரமானது.

"ஏன் மூஞ்சிய மூடுன?"

"ஈ மொய்ச்சுதுலா."

"மூச்சு நின்னா எழுப்பணும்னு சொன்னேம்லா?"

"மூச்சு எங்க நின்னுச்சு? சத்தந்தான நின்னுச்சு" என்றாள் அக்கா.

அவள் கேட்டது நியாயம்தான். சத்தம் நின்றால் தொந்தரவு நின்றது என்றுதான் உலகம் நினைக்கிறது. அதே கவிழ்ந்த பசையை எடுத்து, ஒரு தாளில் பெரிய எழுத்தில் 'சத்தம் நின்றால் எழுப்பவும்' என்று எழுதிச் சுவரில் ஒட்டினான். அக்கா எழுத்துக் கூட்டிப் படிப்பவள். படித்தாள். படித்ததும் அவள் முகம் போன போக்கை அவன் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.*

5

* இங்கே ஓர் அடிக்குறிப்பு. கதையை விடப் பெரிதாகிவிடுமோ என்று பயந்துதான் தொடக்கம் இரண்டைப் பாதியில் விட்டேன்.

1973. ஒரே அறை வீடு. அக்காவுக்கு அப்போது கல்யாணமாகவில்லை. அய்யா குறட்டை விட்டால் கூரை எரவாணத்தில் சொருகின அரிவாள் அதிரும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். ஒருநாள் ராத்திரி அது சட்டென்று நின்றது. அக்கா இருட்டில், "இப்பந்தான் அய்யா நல்லா தூங்குதாக. சத்தங்காட்டாம எல்லாரும் தூங்குங்க" என்றாள். எல்லாரும் தூங்கினோம். பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நானும் நிம்மதியாகத் தூங்கினேன். (சங்கரபாண்டியும் என்று படிக்கவும்.) காலையில் அய்யா உடம்பு சில்லிட்டிருந்தது. வந்தவர்கள் எல்லாரும், தூக்கத்திலேயே போனார், கொடுத்துவைத்தவர் என்றார்கள். வயது ஐம்பத்தொன்று.

அக்கா அன்று சொன்னதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு நாளும் பேசியதில்லை. சுவரில் அந்தத் தாளை ஒட்டியபோதுதான், நான் பேசிவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

6

பொழுது சாயும்போது அத்தான் வந்தார். இசக்கியம்மாளின் கணவர் முத்துகிருஷ்ணன். அறுபது செம்மறிகளை அறுவடை முடிந்த ஒரு காட்டில் கிடை போட்டிருந்தார். ராத்திரி முழுக்க ஆடுகள் அங்கே படுத்தால் நிலத்துக்கு உரம். அத்தான் அவற்றோடு வெறும் தரையில் படுப்பார். சாப்பாட்டுத் தூக்கை வாங்கியவர், சுவரில் இருந்த தாளைப் பார்த்து என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"மாப்ள கிடைக்கு வரட்டும்" என்றார்.

காட்டுக்கு நடக்கும்போது அவர் சொன்னார்:

"ஆடு படுத்தா அசை போட்டுக்கிட்டே கிடக்கும் மாப்ள. அந்தச் சத்தம் இருக்கவரைக்கும் எனக்கு நல்ல ஒறக்கம். அறுபது ஆடும் ஒண்ணுபோல அசைய நிறுத்துச்சுன்னா நரி வந்துட்டுன்னு அர்த்தம். சத்தத்துக்கு எவனும் முழிப்பான். நான் சத்தம் நின்னா முழிப்பேன்."

[இந்த வசனத்தில் எனக்குச் சந்தேகம். முத்துகிருஷ்ணன் இவ்வளவு பேசுகிற ஆள் இல்லை. உண்மையில் அவர் சொன்னது: "சத்தம் நின்னா முழிச்சுக்கிடுவேன். நரிப் பழக்கம். படு." மிச்சத்தை நான் கட்டியது. ஆனால் பயத்தில் இருக்கிறவனுக்கு அந்த மூன்று வாக்கியம் எப்படிப் போதும்? அதனால் கட்டினேன்.]

அத்தான் ஒரு வெத்தலை போட்டு முடிப்பதற்குள் உறங்கிவிட்டார். இந்த ஆளா காக்கப் போகிறார் என்று சங்கரபாண்டி அவரையே பார்த்தான். ஒருக்களித்துப் படுத்தான். எழுந்தான். வெடிப்பு விட்ட கரிசலில் உட்கார்ந்து தொடையைக் கிள்ளினான். கிள்ளுவது வேறு யாருக்கோ வலித்தது. கடைசியில் டார்ச்சைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு இன்லண்டைப் பிரித்தான். நடந்தால் நடந்தது, சொல்ல வேண்டியதை எழுதி வைத்துவிடுவோம்.

அன்புள்ள பூங்கொடிக்கு, அத்தானோடு கிடையில் இருக்கிறேன். பீரோவில் இடது பக்கம் நீலக் கவரில் இன்சூரன்ஸ் பேப்பர். இது உனக்குக் கிடைக்கும்போது நான் ஒருவேளை மூச்சு

'சு'விலிருந்து பேனா ஒரு கோடு இழுத்துக்கொண்டு தாளின் ஓரம் வரை போயிருக்கிறது.

7

இந்த இடத்தில் கதைக்கு மூன்று முடிவு எழுதினேன்.

முடிவு அ. விடிகிறது. ஆடுகள் எழுந்து உதறிக்கொள்கின்றன. அத்தான் குனிந்து — [முழுதாக எழுதிப் படித்துப் பார்த்தேன். தாளை அடுப்பில் போட்டேன்.]

முடிவு ஆ. பூங்கொடி மனசு கேட்காமல் மிஷினைத் தூக்கிக்கொண்டு அடுத்த வண்டியில் வந்து காட்டில் இறங்குகிறாள். [சினிமாவில் நடக்கலாம். கரிசல் காட்டில் பிளக்கை எங்கே சொருகுவாள்?]

முடிவு இ. நடந்தது.

விலாவில் ஒரு குத்து. கண்ணைத் திறந்தால் தலைக்கு மேல் தொரட்டிக் கம்பின் முனை, ஆட்டுக்குக் குழை முறிக்கிற நீளக் கம்பு. அத்தான் படுத்த இடத்திலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை.

"மாப்ள."

"ம்."

"ஒண்ணுமில்ல. படு."

மறுபடி குத்து. மறுபடி "ஒண்ணுமில்ல. படு." அந்த 'ஒண்ணுமில்ல' ஒவ்வொன்றும் அவனை எங்கேயோ போய்விட்டிருந்த இடத்திலிருந்து இழுத்து வந்தது. மறுநாள் ராத்திரியும் அப்படியே. கையெழுத்துப் போட உட்கார்ந்தபோது விலா கன்றிப்போய்ச் சரியாகக் குனிய முடியவில்லை.

"எத்தன தடவ எழுப்புனீங்க அத்தான்?"

"ஆட்டத்தான் எண்ணுவேன். ஒன்ன எதுக்கு எண்ண."

இங்கே நிறுத்தியிருந்தால் நல்ல கதை. ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்ப நகல்கூட எடுத்துவிட்டேன். அப்புறம் போன் வந்தது.

8

இடம்: அக்கா வீடு. நாள்: 2008, ஐப்பசி.

அத்தான் பட்டப்பகலில், காட்டில் ஆடு பார்த்துக்கொண்டு நின்றவர், அப்படியே சரிந்துவிட்டாராம். இன்று பதினாறாம் நாள் விசேஷம் முடிந்தது. வந்தவர்கள் போய்விட்டார்கள். பூங்கொடிக்குக் காய்ச்சல், அவள் வரவில்லை. இந்தத் தடவை பட்டியலில் முதலாவதாக எழுதி மிஷினை எடுத்து வந்தேன். மாஸ்க், மாற்று மாஸ்க், நீள ஒயர், எல்லாம் இருக்கிறது. சாயங்காலம் அடித்த மழையில் டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. நாளைக்குத்தான் ஆள் வருவார்களாம். ஏற்கெனவே ரெண்டு ராத்திரி விசேஷ வேலையில் சரியாகத் தூங்கவில்லை. சிம்னி விளக்கில், மிஷின் பெட்டியையே மேஜையாக வைத்து இதை எழுதுகிறேன். எழுதிக்கொண்டிருக்கும்வரை விழித்திருப்பேன் அல்லவா, அதனால்தான் முடிந்த கதை இன்னும் நீள்கிறது.

சங்கரபாண்டியை இனி என்னால் தூக்கிச் சுமக்க முடியவில்லை. இங்கே இருப்பது நான்தான்.

'நான்' என்று எழுதினால் பிழைத்தவன் என்று ஆகிவிடும் என்றேனே, அது தப்பு. கடைசி எழுத்துவரைக்கும்தான் அந்த உத்தரவாதம்.

சுவரில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. மூன்று வருஷமாக யாரும் கிழிக்கவில்லை. அதற்குக் கீழே அக்கா சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். மடியில் அத்தானின் தொரட்டிக் கம்பு.

"எழுதி முடிச்சிட்டியா?"

"இன்னுங் கொஞ்சம்."

"நீ படு. நான் முழிச்சிருக்கேன்."

"நீ அசந்துருவக்கா. பதினாறு நாளு."

"அசர மாட்டேன்." தாளைப் பார்க்காமலே சொன்னாள். "சத்தம் நின்னா எழுப்பணும். தெரியும். அய்யாவுக்குத்தான் அன்னைக்கு எனக்குத் தெரியல."

முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு வந்த பேச்சு அது. அதற்கு நான் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான். அவள் முன்னால் படுத்துக் கண்ணை மூட வேண்டும். படுக்காமல் விடிய விடிய எழுதிக்கொண்டிருந்தால், உன்னை நம்பவில்லை என்று இன்னொரு தாளைச் சுவரில் ஒட்டின மாதிரி.

பயமாக இருக்கிறது. அவள் கண்ணும் சொருகுகிறது. கம்பைப் பிடித்த கை மட்டும் இறுகியே இருக்கிறது.

'இப்படிக்கு' போட மாட்டேன். போட்டால் முடிந்துவிடும். ரெண்டு மார்க் போனால் போகட்டும். இதைப் படிக்கிற நீங்கள் எப்படியும் விழித்துத்தான் இருக்கிறீர்கள். இதற்குக் கீழே தாள் வெறுமையாக இருக்கும். சத்தமே இராது. நல்லாத் தூங்குகிறான் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அவள் பக்கம் பாருங்கள். கண் மூடியிருந்தால் கூப்பிடுங்கள், அவள் பெயர் இசக்கியம்மாள். மெதுவாகக் கூப்பிட்டாலே