ஒன்பது பொத்தான்களும் ஒரே சொல்லும்

1

இந்தக் கதை ஒரு பிழையிலிருந்து வந்தது. பிழை என்னுடையது அல்ல, என் அக்காவுடையது. அதைப் பார்த்த அன்றே எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். பிறகு ஏழு மாதம் ஒரு வரியும் எழுதவில்லை. நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன். பிறர் எழுத்தில் பிழை கண்டால் ஓரத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். ஒரு பிழையின் முன்னால் வாய் பிளந்து உட்கார்ந்தது அந்த ஒரு முறைதான்.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"திரைச்சீலைக் கடையிலிருந்து வந்ததும் அக்கா லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் ஒரு ஜன்னல் தோன்றி"

அதற்குமேல் போகவில்லை. நடந்ததும் அதேதான். அவள் முதன்முதலாக எழுதிய புரோகிராமை ஓடவிட்டபோது ஒரு வெள்ளைச் சதுரம் தோன்றியது, உடனே காணாமல் போனது.

"பாத்தியாடா?"

"என்னத்த?"

"வந்துச்சு. வந்துட்டுப் போயிடுச்சு."

"யாரு?"

"ஜன்னல்."

இரண்டு நாள் தேடிய பிறகு காரணம் தெரிந்தது. ஜன்னலைச் செய் என்று எழுதியிருந்தாள். செய்தபின் காத்திரு என்று எழுதவில்லை. சொன்ன வேலை முடிந்ததும் புரோகிராம் கிளம்பிவிட்டது. காத்திருப்பதற்கும் தனியாக ஒரு வரி வேண்டுமாம். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் காத்திருத்தல் என்று நாற்பத்தாறு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தவனுக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2

அக்காவுக்கு ஏன் இந்த வேலை என்பதை இரண்டாம் பகுதிக்குத் தள்ளியது தவறு. (மாற்றி எழுதிப் பார்த்தேன். அழுகையில் தொடங்கும் கதை ஆகிவிட்டது. அடித்துவிட்டேன்.)

அவள் கணவர், என் மாமா, லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருந்தார். அதைச் சொல்லி அவரே சிரிப்பார். போன வருடம் பக்கவாதம் வந்தது. வலது கை போனது, பேச்சு போனது. எழுதச் சொன்னால் இடது கையில் கோடு வருகிறது, எழுத்துக் கூடிவரவில்லை. "நாம சொல்றது அவருக்குப் புரியுது. ஆனா அவர் தலையாட்டுறத மட்டும் நம்பாதீங்க," என்றார் டாக்டர். டீ வேண்டுமா என்றால் ஆட்டுவார். வேண்டாமா என்றாலும் அதே ஆட்டம்தான்.

மாமாவுக்கு ஒரு தம்பி. வேறு ஊரில் தரைத்தளத்தில் வீடு. அவர் வந்து உட்கார்ந்து மெதுவாக ஆரம்பித்தார்.

"அண்ணன்கிட்டயே கேட்டுட்டேன் அண்ணி. என்கூட வர்றியான்னேன். சரின்னு தலையாட்டுனாரு."

"நான் இங்கயே இருக்கீங்களான்னு கேட்டேன் தம்பி. அதுக்கும் ஆட்டுனாரு."

"அப்ப என்னதான் பண்றது?"

"அவரே சொல்லட்டும்."

"எப்படி அண்ணி சொல்லுவாரு?"

ஒரு மாதம் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருவதாகச் சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

* முதல் வரைவில் இந்தத் தம்பியை மோசமானவராக எழுதியிருந்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுபவர், வந்த டீயைக் குடிக்காமல் வைப்பவர். கதைக்கு வசதியாக இருந்தது. ஆனால் அண்ணனுக்காக வீட்டில் ஓர் அறையை ஒழித்து, குளியலறைச் சுவரில் கைப்பிடி பொருத்தியிருந்தார் அவர். அவர் மனைவி நர்ஸ். இங்கே அக்கா பத்து மணிக்குக் கடைக்குப் போனால் ஆறு மணிவரை பக்கத்து வீட்டு அம்மாதான் எட்டிப் பார்க்க வேண்டும். தம்பி சொன்னதில் நியாயம் இருந்தது. அது அக்காவுக்கும் தெரியும்.

3

மறுவாரம் கடையில் கணக்குப் பார்க்கும் பெண்ணிடமிருந்து, தொடுதிரை உள்ள பழைய லேப்டாப் ஒன்றை வாங்கிவந்தாள். அதுவரை அவள் கணினியில் செய்த வேலை, திரைச்சீலை அளவுகளைத் தட்டச்சு செய்ததுதான். ஒரு ஜன்னல், அதில் ஒன்பது பொத்தான்கள், தொட்டால் ஒவ்வொன்றும் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

சொல்ல ஒரு குரல் வேண்டுமே.

"உன்னோடத குடுடா."

"என் குரலா?"

"நீதான் பேசுறதே இல்லையே. சும்மாத்தான கிடக்கு."

எதிரொலி வராமலிருக்கக் கடையில் தொங்கும் கனத்த திரைச்சீலைகளுக்கு நடுவில் என்னை நிறுத்திப் பதிவு செய்தாள். தண்ணி. டீ. வலிக்குது. லைட்டப் போடு. தூக்கம் வருது. வெளிய போலாம். வர்றேன். இங்கயே இருக்கேன். போதும்.

"'வர்றேன்'னு எதுக்குக்கா? அதப் போடாம விட்டுட்டா?"

"விட்டுட்டா நான் அவரக் கேக்கவே இல்லைன்னு ஆயிடும்."

ஒவ்வொரு பொத்தானிலும் ஒரு படம் வைத்தாள். 'வர்றேன்' மீது தம்பியின் முகம். 'இங்கயே இருக்கேன்' மீது அவர்களுடைய மூன்றாவது மாடி வீட்டுக் கதவு. இரண்டும் ஒரே அளவா என்று கடையின் அளவு டேப்பைத் திரையில் வைத்து அளந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

பிறகு இன்னொரு கோளாறு. ஒரு பொத்தானைத் தொட்டால் சொல் வருகிறது, ஆனால் அது முடியும்வரை ஜன்னல் வெளிறிப்போய் உறைந்து நிற்கிறது. நடுவில் எதைத் தொட்டாலும் கேட்பதில்லை. இணையத்தில் ஒரு மன்றத்தில், முன்பின் தெரியாத ஒருவர் பல வருடங்களுக்கு முன் இதையே கேட்டிருந்தார். முன்பின் தெரியாத இன்னொருவர் பதில் எழுதியிருந்தார். படித்துவிட்டு அக்கா தன் மொழியில் எனக்குச் சொன்னாள்:

"கடைல ஒரே ஆளு துணிய வெட்டிக்கிட்டே இருந்தா, வாசல்ல வந்து நிக்கிறவங்கள யாரு பாக்குறது? பேசுற வேலைய இன்னொருத்தர்கிட்ட குடுத்துடணும். ஜன்னல் வாசலப் பாத்துக்கிட்டே இருக்கணும்."

[இங்கே அந்த இரண்டு அந்நியர்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ஒருவரின் குழப்பம் எங்கோ ஒரு மூன்றாவது மாடிக்காகக் காத்துக் கிடந்தது என்று. எழுதியதைவிட நினைத்தது நன்றாக இருந்ததால் எடுத்துவிட்டேன்.]

4

ஞாயிற்றுக்கு முந்தின நாள் பிற்பகல். மாமாவைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, லேப்டாப்பை அவர் மடியில் வைத்தோம். அவர் இடது ஆள்காட்டி விரலை நீட்டித் தண்ணீர்ப் படத்தைத் தொட்டார்.

"போதும்," என்றது என் குரல்.

டீயைத் தொட்டார். "போதும்." வலியைத் தொட்டார். "போதும்." தம்பியின் முகம். "போதும்." வீட்டின் கதவு. "போதும்."

ஒன்பதையும் தொட்டார். ஒன்பது முறையும் நான் போதும் என்றேன். வாழ்நாளில் நான் இவ்வளவு பேசி அந்த வீடு கேட்டதில்லை.

(இந்த இடத்தில் அக்கா அழுதாள் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். அவள் அழவில்லை. "இருங்க, பாக்குறேன்," என்று சொல்லிவிட்டு எழுதிய வரிகளை மேலும் கீழுமாக உருட்டினாள். ஓர் எழுத்தும் தப்பாக இல்லை. நானும் மெய்ப்புப் பார்த்தேன். தப்பாக இல்லை.)

மாமா தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு என் சட்டைப்பையிலிருந்த பென்சிலைப் பிடுங்கினார். செய்தித்தாளின் ஓரத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒன்பது வட்டங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கோடு. ஒன்பது கோடுகளும் போய்ச் சேர்ந்தது ஒரே கட்டத்தில். அதைப் பென்சிலால் குத்தினார். பக்கத்தில் இன்னொரு படம். ஒன்பது வட்டங்கள், ஒன்பது கோடுகள், ஒன்பது கட்டங்கள்.

அக்கா குனிந்து பார்த்தாள்.

"ஒவ்வொரு பட்டனுக்கும் தனி ஒயரா?"

தலையாட்டினார்.

"எல்லாத்துக்கும் ஒரே ஒயரா?"

அதற்கும் ஆட்டினார்.

"உங்க தலைய யாரு கேட்டா? படத்தப் பாத்துக்கிறேன்," என்றாள் அக்கா. மூவரும் சிரித்தோம்.

கோளாறு இதுதான். ஒன்பது பொத்தான்களையும் ஒவ்வொன்றாக எழுதாமல், சுற்றிச் சுற்றி வரும் ஒரே கட்டளையில் செய்திருந்தாள். ஒரு பெட்டியில் ஒரு சொல்லைப் போடு, ஒரு பொத்தான் செய். அதே பெட்டியில் அடுத்த சொல்லைப் போடு, அடுத்த பொத்தான் செய். எந்தப் பொத்தானின் கையிலும் அதற்குரிய சொல்லைக் கொடுக்கவில்லை. உன்னைத் தொட்டால் பெட்டியைப் பார்த்துச் சொல் என்று மட்டும் சொல்லியிருந்தாள். தொடும் நேரத்தில் பெட்டியில் எஞ்சியிருந்தது கடைசிச் சொல். இயந்திரம் தவறவே இல்லை. சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்திருந்தது. எழுத்துக் கூடாத ஒரு மனிதர், எழுதிய பிழையை எழுத்தைப் பார்க்காமலேயே படித்துவிட்டார்.

அக்கா ஒரு வரியை மாற்றினாள். பிறக்கும்போதே ஒவ்வொரு பொத்தானுக்கும் அதன் சொல்லைக் கொடுத்தாள். மாமா தண்ணீரைத் தொட்டார்.

"தண்ணி."

யாரும் எழுந்து போய்த் தண்ணீர் எடுக்கவில்லை. அவருக்கும் தாகம் இருந்ததாகத் தெரியவில்லை. இன்னொரு முறை தொட்டார். அந்தச் சாதாரணச் சொல் அந்த அறையில் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று எழுதத்தான் ஏழு மாதம் ஆனது. இப்போதும் எழுதவில்லை.

5

ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: விரல் கதவின் மீது இறங்குகிறது. தம்பி காலி வண்டியோடு திரும்புகிறார். அக்கா படியில் நின்று

இரண்டு: விரல் தம்பியின் முகத்தின் மீது இறங்குகிறது. அக்கா பையை எடுத்துச் சட்டைகளை மடித்து

இரண்டில் ஒன்று நடந்தது. வரைவை அக்காவிடம் காட்டினேன். கடைசிவரை படித்தாள்.

"ரெண்டையும் எடுத்துடு."

"நடந்ததத்தானக்கா எழுதறேன்?"

"அவரு அத உன்கிட்ட சொல்லல. படிக்கிறவங்ககிட்டயும் சொல்லல. தம்பிகிட்ட சொன்னாரு. குரல் உன்னோடதுங்கிறதால சொன்னது உன்னோடதாயிடுமா?"

எடுத்துவிட்டேன். நீங்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் அது உங்கள் பதிலாக இருக்கும், அவருடையதாக இருக்காது.

அதைத் தவிர மற்றதை எழுத அவள் தடை சொல்லவில்லை. தம்பி நாற்காலிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணே, என்கூட வர்றியா?"

தலை ஆடியது. தம்பி அதைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தார். விரல் ஒரு பொத்தானைத் தொட்டது. என் குரல் ஒரு பதிலைச் சொன்னது.

தம்பி கேள்வியைத் திருப்பிப் போட்டார்.

"அப்ப, இங்கயே இருக்கியா?"

தலை அதற்கும் ஆடியது. விரல் திரையின் மேல் மெதுவாக நகர்ந்து, முன்பு தொட்ட அதே பொத்தானை மறுபடியும் தொட்டது.