அடுக்களை பிளக்

“ஆத்துல பதினாறு ஆம்பியர் பிளக் எங்கே இருக்கு?”

வாசலில் நின்றபடி ஹரிஷங்கர் என்னிடம் இப்படிக் கேட்டார். டாக்சி கம்பெனியின் அட்டை கழுத்தில் தொங்கியது. மலையாளத்தில் ஏதோ ஆரம்பித்தவர், வலியசாலைத் தெருவையும் எங்கள் வாசல் கோலத்தையும் பார்த்துவிட்டு எங்கள் தமிழுக்கு மாறிக்கொண்டார். அவருக்கும் கரமனை அக்ரஹாரம்தான் என்று பிறகு தெரிந்தது.

அப்பா சவாரிக்குப் போயிருந்தார். அத்தை கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தாள். புது மனிதர்கள் கேட்டால் எனக்கு வாய் எழும்பாது. பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதற்கும் அதுதான் காரணம் என்று வீட்டில் சொல்வார்கள். கையை நீட்டி அடுக்களையைக் காட்டினேன்.

கூடத்தைத் தாண்டி அடுக்களைப் படி வரைக்கும் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். உள்ளே தரை துடைத்த ஈரம் காயவில்லை. உயரத்தில் கொடியில் அத்தையின் மடிப்புடவை காய்ந்துகொண்டிருந்தது. அதை ஏற்றி இறக்கும் கோல் மூலையில் சாய்ந்திருந்தது.

“மடியா?” என்றார்.

தலையாட்டினேன். குளித்து, யாரும் தொடாத புடவை உடுத்தினவள்தான் அப்போது உள்ளே போகலாம். அவர் காலை உள்ளே வைக்கவில்லை. படியில் நின்றே கையை நீட்டி, போனில் பிளக்கைப் படம் எடுத்துக்கொண்டார். “சரி, கொள்ளாம், இது போதும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த பிளக்கில் அப்போது செருகியிருந்தது அத்தையின் கிரைண்டர். வீட்டில் கனத்த பிளக் என்று இருப்பது அது ஒன்றுதான். வேறு ஊர்க்காரராக இருந்திருந்தால் நேராக உள்ளே போய்ப் பார்த்திருப்பார். இவர் அக்ரஹாரத்துக்காரர். ஆகவே போகவில்லை.

மறுவாரம் அப்பாவுக்குக் கரண்ட் வண்டி வந்தது. வெள்ளை நிறம். பக்கவாட்டில் பச்சை இலை ஒன்று வரைந்திருந்தது.

அப்பா பல வருஷமாக விமான நிலைய ஸ்டாண்டில்தான் ஓட்டுகிறார். அங்கே ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருப்பதை ராத்திரி சாப்பிடும்போது சொல்வார். கூரையெல்லாம் சோலார் பலகை. விமானத்துக்குப் பெட்டி ஏற்றுகிற வண்டி, படிக்கட்டு வண்டி, பஸ் எல்லாமே இனிமேல் கரண்டில்தான். இன்னும் சில வருஷத்தில் நெட் சீரோவாம்.

“அப்படின்னா?” என்று அத்தை கேட்டாள்.

“எத்தனை புகை விடறாளோ, அத்தனையும் இல்லாம ஆக்கணும். கணக்குப் பார்த்தா பூஜ்யம்.”

“அப்போ ஏரோப்ளேன்? அதுக்கும் ஒயர் கட்டி விடுவாளா?”

“அது வேற கணக்கு அக்கா.”

“எனக்குத் தெரியும். பெரியவாளுக்கு எப்பவும் வேற கணக்கு. டாக்சிக்காரனுக்குத்தான் பூஜ்யம்.”

அப்பா சிரித்தார். ஆனாலும் அவருக்கு உள்ளூர பயம் இருந்தது. ஸ்டாண்டில் வண்டி ஓட்டும் கம்பெனி டீசல் கார்களை எல்லாம் விலக்கிவிட்டது. அப்பா தன் பழைய காரைக் கொடுத்துத்தான் இந்தப் புது வண்டிக்குப் பேர் பதிந்திருந்தார். முதல் மாசம் சோதனை. தினமும் விடியற்காலை ஸ்டாண்டுக்கு வரும்போது பேட்டரி நிறைந்திருக்க வேண்டும். நிலையத்தில் சார்ஜர் இருந்தாலும் அது சவாரிக்கு நடுவில் தேவைப்படுகிறவர்களுக்கு. டிரைவர்கள் வீட்டிலிருந்தே நிறைத்துக்கொண்டு வர வேண்டும் என்று ஒப்பந்தம். இரண்டு தடவை குறைந்தால் அந்த இடம் வரிசையில் நிற்கும் அடுத்த ஆளுக்கு. அப்பாவுக்கு ஐம்பத்தாறு வயசு. ஓட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது.

வாசலில் தனியாக ஒரு பிளக் வைக்கலாமா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுப் பார்த்தார். வீட்டின் பழைய ஒயர்களைப் பார்த்துவிட்டு அவன் முடியாது என்று தலையை ஆட்டினான். லோடு கூட்டுவதற்கு வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டுமாம். அவர் மஸ்கட்டில் இருந்தார், போனை எடுக்கவில்லை. அதனால் அப்பா கனமான ஆரஞ்சு ஒயர் ஒன்று வாங்கி வந்தார். அடுக்களை பிளக்கிலிருந்து கூடத்துச் சுவரோரமாக ஆணியில் மாட்டி, வாசல் வழியாக வண்டி வரைக்கும் இழுத்தார்.

அத்தை அதை மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது நாள் சொன்னாள்.

“நாகேஸ்வரா, தெருவுல கெடக்கற ஒயர் எப்படிடா அடுக்களைக்குள்ள வரும்? நாயும் பூனையும் சவிட்டி மிதிச்சிண்டு போறதாக்கும் அது.”

“ஒயருக்கு என்ன அக்கா மடி? உள்ளே ஓடறது கரண்ட்.”

“கரண்டுக்கு ஒண்ணும் இல்லை. மேலே இருக்கற ரப்பருக்கு உண்டு.”

விஜயம் அத்தை அப்பாவுக்கு மூத்தவள். அம்மா போன பிறகு வீட்டைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். சிராத்தத்துக்கு வடையும் அதிரசமும் எள்ளுருண்டையும் மடியாகச் செய்து கொடுப்பாள். வலியசாலை, கரமனை, கோட்டைக்குள் இருக்கிற வீடுகள் என்று எல்லா இடத்திலிருந்தும் கேட்டு வருவார்கள். கடையில் இதைவிட ருசியாகக் கிடைக்கும். ஆனால் கடைக்காரன் மடியாகச் செய்தானா என்று யார் சொல்ல முடியும்? விஜயம் செய்தால் கேள்வி இல்லை. அத்தைக்கு உள்ள பெயர் அது ஒன்றுதான்.

கடைசியில் இருவரும் ஒரு வழிக்கு வந்தார்கள். ராத்திரி சாப்பாடு முடிந்து அடுக்களை ஒழிந்த பிறகு அப்பா ஒயரைச் செருகுவார். விடியற்காலை கிளம்பும்போது அவரே பிடுங்கி விடுவார். அதற்குப் பிறகுதான் அத்தை குளித்து உள்ளே போவாள். சாதாரண நாட்களில் இது சரியாக நடந்தது.

சிராத்த ஆர்டர் உள்ள நாளில்தான் சிக்கல். அன்றைக்கு அத்தை நடுச்சாமம் கழிந்ததுமே எழுந்து குளிப்பாள். உளுந்தை அன்றைக்குத்தான் அரைக்க வேண்டும். முந்தின நாள் மாவு ஆகாது. கிரைண்டர் ஓட வேண்டுமானால் ஒயரைப் பிடுங்க வேண்டும். மடியில் இருக்கும் அத்தை ஒயரைத் தொடக் கூடாது. தொடக்கூடிய நானும் அப்பாவும் அடுக்களைக்குள் நுழையக் கூடாது.

முதல் தடவை அத்தை கொஞ்ச நேரம் பிளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மூலையிலிருந்த மடிக்கோலை எடுத்தாள். கொம்பு போன்ற நுனியை ஒயரில் மாட்டி ஒரே இழுப்பு இழுத்தாள். பிளக் கழன்று தரையில் விழுந்தது. கிரைண்டரைச் செருகி அரைத்தாள். அரைத்து முடித்த பிறகு அந்த ஒயரைத் திரும்பச் செருகக் கோலால் முடியாது. அது அப்படியே கிடந்தது.

அப்பா எழுந்து போய்ப் பார்த்தபோது வண்டி முழுக்க நிறையவில்லை. அன்றைக்கு ஸ்டாண்டில் முதல் சவாரி நாகர்கோவிலுக்கு. அவ்வளவு தூரத்துக்கு இந்த வண்டியில் சார்ஜ் காணாது என்று சொல்லி, அதைச் சத்தியதாஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்பாவின் பெயருக்கு நேரே ஒரு குறி விழுந்தது.

சத்தியதாஸும் டிரைவர்தான். பாப்பனங்கோட்டில் வீடு, வண்டி நிற்கத் தனி ஷெட் உண்டு. அன்று சாயங்காலம் வேண்டுமென்றே எங்கள் தெரு வழியாக வந்து வாசலில் நிறுத்தினார்.

“சாமி, நாரோயில் சவாரிய நமக்குத் தந்ததுக்கு ரொம்ப உபகாரம் கேட்டீரா. நாளைக்கும் அக்காட்ட மாவாட்டச் சொல்லும்.”

“சிரிச்சிக்கோ. உன் ஆத்துல ஷெட் இருக்கு, நீ சிரிப்பே.”

“பின்னே என்னவே! ஊரெல்லாம் வண்டிய பங்க்ல நிறைக்கான், இல்லேன்னா சார்ஜர்ல நிறைக்கான். உம்ம வண்டி மட்டும் உளுந்த வடை வெந்தாத்தான் ஓடும்போல.”

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. “சத்தியதாஸே, உனக்கு வடை வேணுமா, வேண்டாமா?”

“வேணும்க்கா.”

“அப்போ வாயை மூடிண்டு நில்லு.”

வடையைத் தின்று முடித்த பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். “சாமி, வெளையாட்டு இல்ல. இன்னும் ஒரு தடவை கொறஞ்சா பேர வெட்டிருவாவ. ஹரிஷங்கர் சாரு நல்லவருதான், ஆனா அவரு கையிலயும் ஒண்ணும் இல்ல.”

அப்பா தலையாட்டினார். அத்தை அடுக்களைப் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு ஆர்டர்களை அத்தை உடம்பு சரியில்லை என்று சொல்லித் திருப்பிவிட்டாள். அப்பாவுக்கு அது தெரியாது.

சோதனை மாசத்தின் கடைசி நாளுக்கு முந்தின வாரம் கரமனை கோமதி மாமி போன் செய்தாள். அவளை அத்தையால் திருப்ப முடியாது. மற்ற வீடுகளுக்கெல்லாம் அத்தையைச் சிபாரிசு செய்தவளே அவள்தான். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“விஜயம், எங்காத்து மாமா சிராத்தம் வரது. உன் கையால ஆனாத்தான் எனக்குத் திருப்தி. பிள்ளை வெங்கிடேஷுக்கு ஒரு நாள்தான் லீவாம், தோஹாவிலேர்ந்து அன்னிக்குக் காலம்பறதான் வந்து இறங்கறான். உன் தம்பி வண்டிதான் ஏர்போர்ட்ல ஓடறதோன்னோ? அதையே சொல்லிடறேன். அவனை அழைச்சிண்டு, வர வழியில பட்சணத்தையும் எடுத்துண்டு ஆத்துக்குப் போயிடலாம்.”

“ஆகட்டும் மாமி” என்றாள் அத்தை.

தேதியைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் அது சோதனையின் கடைசி நாள் என்று அப்பாவுக்கு உறைத்தது. அன்றைக்கு வண்டி நிறையாவிட்டால் இரண்டாவது குறி.

முந்தின நாள் ராத்திரி அப்பா ஒயரைச் செருகிவிட்டு அடுக்களைப் படியிலேயே நின்றார்.

“அக்கா, நாளைக்கு...”

“தெரியும். போய்ப் படு.”

நான் கூடத்தில் படுத்திருந்தேன். அத்தை குளித்துவிட்டு மடிப்புடவையில் வந்தாள். கோலால் ஒயரை இழுத்துத் தள்ளினாள். கிரைண்டரைச் செருகினாள். அரைத்து முடிந்ததும் மாவை வழித்து மூடி வைத்தாள். கல்லைக் கழுவினாள். தரையில் ஒயர் கிடந்தது.

அதன் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு குனிந்து, கையாலேயே எடுத்து, பிளக்கில் செருகி ஸ்விட்சைப் போட்டாள். எதையும் தொடாமல், இரண்டு கையையும் உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தபடி நேராகக் கொல்லைக்குப் போனாள். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மாற்று மடிப்புடவை அவளிடம் இல்லை. உடுத்தியிருந்ததையே நனைத்துப் பிழிந்து, ஈரத்தோடு உடுத்திக்கொண்டு திரும்பி வந்தாள். அடுப்பைப் பற்ற வைக்கும்போது என்னைக் கவனித்துவிட்டாள்.

“என்ன பார்வை? தூங்கு.”

விடிவதற்குள் வண்டி நிறைந்துவிட்டது. அப்பா வாசலில் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, அடுக்களைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். கிளம்பிவிட்டார். ஒயரின் அடுக்களை நுனியைப் பிடுங்க அன்றைக்கு யாரும் இல்லை. அத்தை மறுபடி மடியில் இருந்தாள்; அடுப்பில் வடை வெந்துகொண்டிருந்ததால் கோலையும் எடுக்கவில்லை. ஒயர் கூடத்துச் சுவரில் ஆரஞ்சாகத் தொங்கியது.

எட்டு மணிக்கு வண்டி வாசலில் வந்து நின்றது. சத்தமே இல்லை. கதவு திறக்கும்போதுதான் தெரிந்தது. அப்பா இறங்கி, முகம் கொள்ளாத சிரிப்போடு முதலில் உள்ளே வந்தார்.

“அக்கா, முடிஞ்சது! ஹரிஷங்கர் நேர்ல பார்த்தார். இனி ஸ்டாண்ட்ல இடம் நமக்குத்தான், ஒருத்தனும் அசைக்க முடியாது.”

“நல்லது” என்றாள் அத்தை. ஈரம் பாதி காய்ந்த புடவையில் சம்புடங்களை ஒவ்வொன்றாகக் கூடத்தில் கொண்டு வந்து வைத்தாள்.

பின்னால் கோமதி மாமி வந்தாள். அவள் மகன் வெங்கிடேஷ் வாசலிலேயே நின்று வண்டியைப் போனில் படம் எடுத்தான்.

“விஜயம், ஆச்சா? என்ன வாசனை! தெருக்கோடிலேர்ந்தே வரது.”

“ஆச்சு மாமி. வடை தனியா வச்சிருக்கேன்.”

வெங்கிடேஷ் வாசலிலிருந்து குரல் கொடுத்தான். “மாமா, இந்த வண்டியை எங்கே சார்ஜ் பண்றேள்? இந்தத் தெருவுல பாயிண்ட் ஒண்ணும் காணலியே.”

அப்பாவுக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்திருந்தது. சுவரில் தொங்கிய ஒயரைக் கையால் தட்டிக் காட்டினார். “இதோ, இதாக்கும். நேரா அக்கா அடுக்களைலேர்ந்து வரது. ராத்திரி முழுக்க அங்கேதான் குத்தி வைப்போம். இன்னிக்கு வந்த சவாரியும் அக்கா அடுக்களைக் கரண்ட்தான்!”

மாமியின் கண் ஒயரைப் பிடித்துக்கொண்டே போயிற்று. வாசற்படியில் செருப்புகளுக்கு நடுவே கிடந்த நுனியிலிருந்து ஆணி ஆணியாக நகர்ந்து, அடுக்களைப் படியைத் தாண்டி, உள்ளே பிளக்கில் போய் நின்றது. அதற்குக் கீழே கழுவிக் கவிழ்த்த கிரைண்டர் கல் இருந்தது.

அப்பாவின் கை ஒயரிலிருந்து மெதுவாகக் கீழே இறங்கியது.

“நான் ரெண்டாம் தடவையும் குளிச்சேன், மாமி” என்றாள் அத்தை.

மாமி அவளுடைய ஈரப்புடவையைப் பார்த்தாள். வரிசையாக வைத்திருந்த சம்புடங்களைப் பார்த்தாள். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு சம்புடங்களைத் தொடாமல் திரும்பி, ஒயர் மேலே படாமல் காலைத் தூக்கி வைத்து வாசலுக்குப் போய், வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.